வர்ஜீனியா 94-ஆம் தொகுதியில் சீட்டுக் குலுக்கித்தான் எம்.எல்.ஏ.வை முடிவு செய்தார்களா?

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் ஒரு சட்டமன்றத் தொகுதியில் இரண்டு வேட்பாளருக்கும் சரிசமமாக ஓட்டு விழுந்து, கடைசியில் ஒரு கிண்ணத்தில் பெயரைப் போட்டு எடுத்தார்களாமே, உண்மையா? அந்த ஒரு சீட்டால் மாநில ஆட்சியே மாறியதாகவும் சொல்கிறார்களே?"

முதல் பாதி அப்படியே உண்மை. இரண்டாவது பாதியில் கொஞ்சம்தான் உண்மை. வர்ஜீனியா மாநிலத்தின் 94-ஆம் தொகுதி. 2017 நவம்பர் 7 அன்று ஓட்டுப்பதிவு. 2018 ஜனவரி 4 அன்று குலுக்கல். ஆளுக்கு 11,608 ஓட்டு. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கிண்ணம் நல்ல காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தொகுதியின் தலையெழுத்தை எழுதியது கிண்ணம் இல்லை, வரைபடக் கோடு. அதற்கு வர முதலில் கொஞ்சம் பின்னணி வேண்டும்.

வர்ஜீனியா சட்டமன்றத்துக்கு இரண்டு அவைகள். மேலவையில் 40 பேர், நான்கு வருடப் பதவி. கீழவைக்குப் பிரதிநிதிகள் அவை என்று பெயர். 100 பேர், இரண்டே வருடப் பதவி. 1619-இல் ஜேம்ஸ்டவுனில் கூடிய சபையின் தொடர்ச்சி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். தேர்தல் ஒற்றைப்படை ஆண்டில் வரும், அதாவது ஜனாதிபதி தேர்தல் இல்லாத ஆண்டில். அதனால் ஓட்டுப்போட வருகிறவர்கள் குறைவு. தொகுதியும் சின்னது. 2010 கணக்கெடுப்பின்படி ஒரு தொகுதிக்குச் சுமார் 80,000 பேர், அதுவும் குழந்தைகளையும் சேர்த்து. தமிழ்நாட்டில் 2021 தேர்தலின்போது ஒரு தொகுதிக்குச் சராசரியாக இரண்டரை லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள் இருந்தார்கள். நம் ஊர்க் கண்ணோடு பார்த்தால் அது ஒரு பெரிய பேரூராட்சித் தேர்தல் மாதிரி. சமநிலை வருவது அதிசயம்தான், ஆனாலும் 2,00,000 ஓட்டு விழும் இடத்தில் வரும் அளவு அதிசயமல்ல.

94-ஆம் தொகுதி இருந்தது நியூபோர்ட் நியூஸ் நகரத்தில். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பல்களைக் கட்டும் ஒரே தளம் அங்கேதான் இருக்கிறது. கப்பல் பட்டறைத் தொழிலாளிகள், படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், பல்கலைக்கழகம் சார்ந்தவர்கள், வெள்ளையர், கறுப்பினத்தவர் எல்லோரும் கலந்த ஊர். 2011 முதல் இந்தத் தொகுதி குடியரசுக் கட்சியின் டேவிட் யான்ஸி கையில். அவரை எதிர்த்தவர் ஜனநாயகக் கட்சியின் ஷெல்லி சைமண்ட்ஸ், நகரப் பள்ளி வாரிய உறுப்பினர். 2015-இலும் இதே இருவர்தான் மோதினார்கள். யான்ஸி சிரமமில்லாமல் ஜெயித்தார்.

2017-இல் காற்று மாறியிருந்தது. முந்தைய ஆண்டு டிரம்ப் வந்திருந்தார். அந்தக் கோபம் வர்ஜீனியாவில் முதலில் வெடித்தது. ஜனநாயகக் கட்சியின் ரால்ஃப் நார்தம் கவர்னர் தேர்தலில் சுமார் 9 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார். கீழவையில் 66-34 என்று அசைக்க முடியாமல் இருந்த குடியரசுக் கட்சி ஒரே இரவில் சரிந்து, 51-49 ஆகுமா, 50-50 ஆகுமா என்ற நிலைக்கு வந்தது. அதை முடிவு செய்ய வேண்டிய இழுபறித் தொகுதிகளில் ஒன்று இந்த 94.

முதல் கணக்குப்படி யான்ஸி 10 ஓட்டில் முன்னிலை. வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் தோற்றவர் மறு எண்ணிக்கை கேட்கலாம். அரை சதவீதத்துக்குள் என்றால் செலவும் அரசுடையது. சைமண்ட்ஸ் கேட்டார். டிசம்பர் 19 அன்று எண்ணினார்கள். வாக்குச்சீட்டுகளை மறுபடி ஸ்கேனரில் விட்டு, இயந்திரம் புரிந்துகொள்ளாதவற்றைத் தனியே எடுத்து, இரு கட்சி ஆட்களும் பக்கத்தில் இருக்கக் கண்ணால் பார்ப்பார்கள். இங்கே ஒரு தற்செயலைச் சொல்லியாக வேண்டும். காகிதச் சீட்டு இல்லாத தொடுதிரை வாக்கு இயந்திரங்களை எல்லாம் வர்ஜீனியா தேர்தல் வாரியம் அந்த செப்டம்பரில்தான் மாநிலம் முழுக்க ஒழித்துக்கட்டியது. தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு! சீட்டு இருந்தால்தானே அதைத் திரும்ப எண்ணுவதற்கு அர்த்தம்?

அன்று மாலை முடிவு தலைகீழ். சைமண்ட்ஸ் 11,608, யான்ஸி 11,607. ஒரு ஓட்டு. 50-50 அவை வரப்போகிறது என்று தலைப்புச் செய்திகள். குடியரசுக் கட்சித் தலைவர்களே அவரை வாழ்த்தி அறிக்கை விட்டார்கள்.

மறுநாள் காலை மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்த முடிவை முறைப்படி பதிவு செய்ய உட்கார்ந்தது. வெறும் சம்பிரதாயம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அதற்குள், எண்ணிக்கையில் பங்கேற்ற குடியரசுக் கட்சித் தரப்பு அலுவலர் ஒருவர், 'நேற்று ஒரு சீட்டைச் செல்லாதது என்று ஒப்புக்கொண்டேன். குழம்பிவிட்டேன், அது எங்களுக்கு வரவேண்டியது' என்ற கருத்தில் கடிதம் கொடுத்திருந்தார்.

அந்தச் சீட்டு எப்படி இருந்தது தெரியுமா? யான்ஸி, சைமண்ட்ஸ் இருவர் பெயருக்கு எதிரேயும் வட்டம் நிரப்பப்பட்டிருக்கிறது. சைமண்ட்ஸின் வட்டத்தின் மேல் மட்டும் குறுக்கே ஒரு கோடு. அடித்துவிட்ட கோடா, பேனா வழுக்கியதா? இயந்திரத்தைப் பொறுத்தவரை இரண்டு வட்டம் நிரப்பினால் செல்லாத ஓட்டு. யான்ஸி தரப்பு, 'மற்றப் பதவிகளுக்கு இவர் குடியரசுக் கட்சிக்குத்தான் போட்டிருக்கிறார், ஆக இங்கேயும் எங்களுக்குத்தான்' என்றது. சைமண்ட்ஸ் தரப்போ, குடியரசுக் கட்சியின் கவர்னர் வேட்பாளர் எட் கில்லஸ்பியின் வட்டத்திலும் இதே மாதிரி ஒரு கிறுக்கல் இருக்கிறதே, அப்போது அவரையும் அடித்துவிட்டார் என்று கொள்ள வேண்டாமா என்று கேட்டது. என்னைக் கேட்டால் இரண்டாவது வாதம் வலுவானது. எண்ணும்போது இரு தரப்பும் ஒப்புக்கொண்டு ஒதுக்கிய சீட்டை மறுநாள் திறந்ததும் சரியில்லை. நீதிபதிகள் வேறு மாதிரி நினைத்தார்கள். அந்த ஓட்டு யான்ஸிக்குப் போனது. 11,608-க்கு 11,608.

ஓட்டுப் போட்டவர் யாரென்று தெரியாது, தெரியவும் கூடாது. ஆனால் எங்கோ நியூபோர்ட் நியூஸில் ஒருவர், 'அது நான்தானோ?' என்று யோசித்துக்கொண்டிருப்பார் அல்லவா?

சமநிலை வந்தால் சீட்டுக் குலுக்க வேண்டும் என்பது வர்ஜீனியாவின் சட்டம். டிசம்பர் 27-க்கு நாள் குறித்தார்கள்; சைமண்ட்ஸ் மறுபரிசீலனை மனு போட்டதால் தள்ளிப்போனது. ஜனவரி 3 அன்று மனு தள்ளுபடி. மறுநாள் ரிச்மண்டில், கேமராக்கள் நெருக்கியடிக்க, மாநிலத் தேர்தல் வாரியம் கூடியது. கடலோரத்தில் அன்று பனிப்புயல். இரு பெயர்களையும் தாளில் எழுதி, பழைய கேமராவுக்கு ஃபிலிம் சுருள் வருமே, அந்தச் சின்ன டப்பாக்களில் போட்டு மூடினார்கள். அந்த டப்பாக்களை இட்ட கிண்ணம் வர்ஜீனியா நுண்கலை அருங்காட்சியகத்திலிருந்து இரவல் வாங்கியது. ஸ்டீவன் கிளாஸ் என்ற குயவுக் கலைஞர் வனைந்த பீங்கான். வாரியத் தலைவர் ஜேம்ஸ் ஆல்கார்ன் கையை விட்டு ஒரு டப்பாவை எடுத்தார். டேவிட் யான்ஸி. சைமண்ட்ஸ் குடும்பத்தோடு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஜெயித்தவர் வரவே இல்லை.

உத்திரமேரூர்க் குடவோலை உங்களுக்கு நினைவுக்கு வந்திருக்கும். ஆனால் அங்கே தகுதி பார்த்துப் பெயர்களைக் குடத்தில் இடுவதுதான் தேர்வு முறையே. ஓட்டு எண்ணுவது என்ற பேச்சே இல்லை. வர்ஜீனியாவில் குலுக்கல் என்பது எண்ணி எண்ணிக் கைவிட்ட பிறகு வரும் கடைசி வழி. பெயருக்குத்தான் ஒற்றுமை.

குலுக்கலில் தோற்றவர் இன்னொரு மறு எண்ணிக்கை கேட்க அந்தச் சட்டமே இடம் கொடுத்தது. சைமண்ட்ஸ் ஒரு வாரம் யோசித்தார். ஜனவரி 10, சட்டமன்றம் கூடிய அன்று, தோல்வியை ஒப்புக்கொண்டு அடுத்த முறை மீண்டும் நிற்பேன் என்றார். அவை 51-49. கிர்க் காக்ஸ் சபாநாயகர் ஆனார், குழுக்கள் எல்லாம் குடியரசுக் கட்சிக் கையில். 50-50 ஆகியிருந்தால் இரு கட்சியும் அதிகாரத்தைப் பங்கு போட்டிருக்க வேண்டும். 1998-இல் அங்கே அப்படி ஓர் ஒப்பந்தம் நடந்திருக்கிறது.

"ஆட்சியே மாறியதா?" என்று கேட்டீர்களே, மாறாமல் நின்றது என்பதுதான் சரி. கவர்னர் எப்படியும் நார்தம்தான். மேலவை எப்படியும் குடியரசுக் கட்சியிடம் 21-19. கீழவையின் கடிவாளம் மட்டும் இந்தத் தொகுதியைப் பொறுத்திருந்தது. அதிலும் ஒரு வேடிக்கை. ஏழைகளுக்கான மெடிகெய்ட் மருத்துவக் காப்பீட்டை விரிவாக்குவதைக் குடியரசுக் கட்சி பல ஆண்டுகளாகத் தடுத்து வந்தது. 2017 அடிக்குப் பிறகு அவர்களில் ஒரு பகுதி வழிக்கு வந்தது. 2018 மே இறுதியில் கீழவையில் 67-31 என்று நிறைவேறியது. சுமார் 4,00,000 பேருக்குக் காப்பீடு கிடைக்க வழி திறந்தது. ஆக, கிண்ணத்தில் தோற்ற கட்சியின் பெரிய கோரிக்கை கிண்ணத்தைத் தாண்டியும் நிறைவேறிவிட்டது. ஒரு தொகுதியை இழந்தது வேறு. பதினைந்து தொகுதிகளைப் பிடித்து எதிரியைப் பயமுறுத்தியது வேறு.

சரி, கோட்டுக்கு வருவோம்.

குலுக்கல் முடிந்து நாலு மாதம் கழித்து, 2018 மே மாதம், வாஷிங்டன் போஸ்ட் ஒரு செய்தி வெளியிட்டது. 94-ஆம் தொகுதிக்குள் குடியிருக்கும் 26 பேர் பக்கத்துத் தொகுதியின் பட்டியலில் தவறாகச் சேர்க்கப்பட்டிருந்தார்கள். 2017-இல் அங்கே போய் ஓட்டும் போட்டிருந்தார்கள். அவர்கள் இருந்த பகுதியில் கறுப்பின மக்கள் அதிகம். ஜனநாயகக் கட்சிக்குச் சாய்ந்த வாக்குச்சாவடி. அந்த 26 பேர் சரியான சீட்டை வாங்கியிருந்தால் குலுக்கலுக்கே வேலை இருந்திருக்குமா? அவர்கள் யாருக்குப் போட்டிருப்பார்கள் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரே ஒரு ஓட்டு போதுமே! நீதிபதிகள் ஒரு பேனாக் கோட்டுக்கு அர்த்தம் தேடிக்கொண்டிருந்தபோது, எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களை அந்தப் பக்கத்துப் பட்டியலில் சேர்த்திருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

இது இந்த ஒரு இடத்துக் கூத்தும் அல்ல. அதே தேர்தலில், ஃபிரெடெரிக்ஸ்பர்க் பக்கம் 28-ஆம் தொகுதியில் 147 பேருக்குத் தவறான சீட்டு கொடுத்துவிட்டார்கள். அங்கே மறு எண்ணிக்கைக்குப் பிறகு வித்தியாசம் வெறும் 73. வழக்கு போனது, தேர்தல் ரத்தாகவில்லை. அங்கேயும் ஜெயித்தது குடியரசுக் கட்சிதான்.

தவறிப்போன கோடு ஒரு பக்கம். வேண்டுமென்றே போட்ட கோடு இன்னொரு பக்கம், அது பெரிய விஷயம். இந்தியாவில் எல்லை வரைவது தனி ஆணையத்தின் வேலை. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளுக்கும் இன்றுள்ள எல்லை அப்படி ஓர் ஆணையம் போட்டு 2008-இல் நடைமுறைக்கு வந்ததுதான். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அதைச் சட்டமன்றமே செய்துகொள்ளும். அதாவது ஜெயித்தவரே தன் தொகுதியின் எல்லையை வரைவார். 2011-இல் வர்ஜீனியாவில் அப்படித்தான் வரைந்தார்கள். 12 தொகுதிகளில் வாக்களிக்கும் வயதுள்ளவர்களில் 55 சதவீதமாவது கறுப்பின மக்கள் இருக்க வேண்டும் என்று ஒரு குறி வைத்துக்கொண்டார்கள். கேட்க நியாயமாக இருக்கும்: சிறுபான்மையினர் தங்களவரைத் தேர்ந்தெடுக்கட்டும் என்பது போல. உள்ளே வேறு கணக்கு. அந்த ஓட்டுகளை எல்லாம் சில தொகுதிகளில் மூட்டை கட்டிப் போட்டால், சுற்றியுள்ள தொகுதிகளில் கோடு போட்டவர்களுக்கு எதிர்க்கட்சியைப் பற்றிப் பயமே இருக்காது.

2014-இல் வாக்காளர்கள் வழக்குப் போட்டார்கள். அது உச்ச நீதிமன்றம் வரை போய்த் திரும்பி வந்து, 2018 ஜூனில் கூட்டாட்சி நீதிமன்றம் அவற்றில் 11 தொகுதிகள் அரசியல் சட்டத்துக்கு விரோதமாக இன அடிப்படையில் வரையப்பட்டவை என்று தீர்ப்பளித்தது. அந்தப் பதினொன்றில் ஒன்று 95-ஆம் தொகுதி. அதுவும் நியூபோர்ட் நியூஸுக்குள் நுழைகிறது. 94-க்குப் பக்கத்து வீடு. மூட்டையை அவிழ்த்தால் உள்ளிருப்பது பக்கத்து வீட்டு வாசலில்தானே விழும்? நீதிமன்றம் நியமித்த வல்லுநர் பெர்னார்ட் குரோஃப்மன் புதிய வரைபடம் போட்டார். 2019 தொடக்கத்தில் நீதிமன்றம் அதை ஏற்றது. கீழவை சார்பில் குடியரசுக் கட்சியினர் மறுபடி உச்ச நீதிமன்றம் போனார்கள். ஜூன் 17 அன்று, வழக்காட உங்களுக்கு உரிமையே இல்லை என்று 5-4 தீர்ப்பில் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

2019 நவம்பரில் அதே யான்ஸி, அதே சைமண்ட்ஸ், மூன்றாவது முறை. இந்த முறை மறு எண்ணிக்கை, குலுக்கல் என்று பேசவே இடமில்லாத வித்தியாசத்தில் சைமண்ட்ஸ் ஜெயித்தார். ஊர் மாறவில்லை, வேட்பாளர்கள் மாறவில்லை. காற்று கொஞ்சம் மாறியிருந்தது. கோடு நிறைய மாறியிருந்தது. மாநிலம் முழுவதும் ஜனநாயகக் கட்சி கீழவையில் 55-45, மேலவையில் 21-19 என்று இரண்டையும் பிடித்தது. ஐலீன் ஃபில்லர்-கார்ன் அந்த அவையின் 400 வருட வரலாற்றில் முதல் பெண் சபாநாயகர் ஆனார்.

யான்ஸியை வெறும் 'கிண்ணத்து எம்.எல்.ஏ.' என்று ஒதுக்கிவிடவும் கூடாது. பெண்களுக்குச் சம உரிமை தரும் அமெரிக்க அரசியல் சட்டத் திருத்தத்தை அவையின் விவாதத்துக்குக் கொண்டுவர 2019 பிப்ரவரியில் ஒரு விதி மாற்றம் வாக்கெடுப்புக்கு வந்தது. 50-50. சமநிலை என்றால் தீர்மானம் தோல்வி. இங்கே கிண்ணம் கிடையாது. 49 பேர் உள்ள ஜனநாயகக் கட்சிக்கு ஐம்பதாவது ஓட்டு எங்கிருந்து வந்தது? கட்சி மாறி வாக்களித்த அந்த ஒரே ஆள் யான்ஸி. அதாவது சைமண்ட்ஸ் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அந்த நாற்காலியின் ஓட்டு அன்று அதேதான். அவை 50-50 என்று அமைந்திருந்தால் அந்தத் திருத்தம் குழுவிலேயே முடங்கியிருக்குமா என்பது வேறு கேள்வி. 2020 ஜனவரியில் புதிய சட்டமன்றம் அதை நிறைவேற்றி, வர்ஜீனியா அதை ஏற்ற 38-ஆவது மாநிலம் ஆனது.

நம் ஊரில் இப்படி நடக்குமா என்றும் அடுத்துக் கேட்பீர்கள். நடக்கலாம். 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65-ஆவது பிரிவு அதற்குத்தான்: சமநிலை வந்தால் தேர்தல் அதிகாரி உடனே சீட்டுப் போட்டு எடுப்பார், பெயர் வந்தவருக்கு ஒரு ஓட்டு கூடுதலாக விழுந்ததாகக் கருதப்படும். உள்ளாட்சித் தேர்தல்களில் இது நமக்குப் பழகிய காட்சி. சட்டமன்ற அளவில் ஒரு ஓட்டு வரை வந்திருக்கிறோம். 2004-இல் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளியில் ஒரு ஓட்டு. 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாராவில், முதல்வர் ஆகக்கூடியவர் என்று பேசப்பட்ட சி.பி. ஜோஷி 62,215 வாங்கி, 62,216-இடம் தோற்றார்.

ஆனால் பொறாமைப்பட வேண்டிய ஒன்று வர்ஜீனியாவில் உண்டு: வேகம். நம் ராதாபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-இல் அ.தி.மு.க.வின் இன்பதுரை 49 ஓட்டில் தி.மு.க.வின் அப்பாவுவை வென்றார். தலைமை ஆசிரியர் சான்றொப்பமிட்ட தபால் ஓட்டுகளைச் செல்லாது என்று தள்ளியது சரியா என்று வழக்கு. உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டபோது 2019 அக்டோபர். எண்ணி முடித்தும் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021-இல் அடுத்த தேர்தலே வந்து, அப்பாவு ஜெயித்துச் சபாநாயகரும் ஆகிவிட்டார். வர்ஜீனியாவில் மறு எண்ணிக்கை, நீதிபதிகள், மனு, குலுக்கல் எல்லாம் சேர்த்து இரண்டு மாதத்தில் முடிந்தது. இரண்டு வருடப் பதவிக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி என்பீர்கள், அதுவும் சரிதான்.

தேடிப் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 2020 நவம்பரில் வர்ஜீனியா மக்கள் எல்லை வரையும் வேலையைச் சட்டமன்றத்திடமிருந்து பிடுங்கி, பாதிக்குப் பாதி எம்.எல்.ஏ.க்களும் பொதுமக்களும் கொண்ட 16 பேர் ஆணையத்திடம் ஒப்படைக்க ஓட்டுப் போட்டார்கள். அந்த ஆணையம் 2021-இல் எட்டுக்கு எட்டு என்று முட்டிக்கொண்டு எதையும் முடிக்கவில்லை. கடைசியில் மாநில உச்ச நீதிமன்றமே வரைந்தது. தொகுதி எண்கள் எல்லாம் மாறின. இன்று 94 என்று தேடினால் தண்ணீருக்கு அக்கரையில் இருக்கும் நார்ஃபோக் நகரம்தான் வரும். நியூபோர்ட் நியூஸில் சைமண்ட்ஸ் 2023-இல் ஜெயித்த தொகுதியின் எண் 70.